வெங்காயத்தாள்: பாலக்காட்டுக் கணவாய் வீட்டுத் தோட்டங்களுக்கு எந்த வகை?

வெங்காயத்தாள் போடலாம் என்று விதைக் கடைக்குப் போனால், 'ஸ்பிரிங் ஆனியன்' என்று மட்டும் அச்சடித்த ஒரு பாக்கெட்டை எடுத்துக் கொடுப்பார்கள். உள்ளே இருக்கிற கறுப்பு விதை எந்த இனம், நம் வெயிலைத் தாங்குமா, அறுத்தால் திரும்பத் துளிர்க்குமா என்பதெல்லாம் அதில் இருக்காது. வாங்கிப் போட்டவர்களில் பாதிப் பேர் ஒரு அறுப்போடு விட்டுவிடுகிறார்கள். குறை பெரும்பாலும் வளர்ப்பில் இல்லை, தேர்வில்தான் இருக்கிறது.

வாளையாறிலிருந்து வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வரை ஒரு பக்கம். பொள்ளாச்சி, ஆனைமலை இன்னொரு பக்கம். மாநிலம் இரண்டானாலும் காற்றும் வெயிலும் ஒன்றுதான். இந்தப் பகுதியில் வீட்டோரம் நாலு பாத்தியோ மாடியில் பத்துத் தொட்டியோ வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: முதலில் இனத்தைப் பாருங்கள், ரகத்தின் பெயரை அப்புறம் பார்க்கலாம். இனம் சரியாக அமைந்துவிட்டால், சுமாரான ரகம்கூட வருஷக்கணக்கில் தாள் கொடுக்கும்.

முதலில்: தாள் எதற்கு?

வாரம் ஒருமுறை முட்டைப் பொடிமாஸிலோ ஃப்ரைட் ரைஸிலோ தூவ ஒரு பிடி போதுமா? பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு, தேங்காய் சேர்த்துத் தோரன் என்று கட்டுக் கட்டாக வேண்டுமா? இரண்டுக்கும் ஒரே செடி சரிவராது.

தூவுவதற்கும் பச்சையாகச் சாப்பிடுவதற்கும் காரம் குறைந்த, மெல்லிய தாள் வேண்டும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளுவீர்கள், ஆகவே அறுக்க அறுக்கத் துளிர்க்கும் செடியாக இருக்க வேண்டும். கூட்டுக்கும் தோரனுக்கும் காரமான தாள்தான் ருசி. வதக்கினால் அந்தக் காரம் இனிப்பாக மாறிவிடும். இதற்குச் செடியை வேரோடு பிடுங்குவதுதான் வழக்கம் என்பதால், சீக்கிரம் வளர்ந்து இடத்தைக் காலி செய்கிற இனம் போதும். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தாலே பாதித் தேர்வு முடிந்தது.

இனங்களைப் பிரித்தறிவது

'வெங்காயத்தாள்' என்ற பேரில் நம் கைக்கு வருவது மூன்று வகை. நாலாவது ஒன்று தப்பாகக் கலந்து வரும்.

முதலாவது பெரிய வெங்காயத்தின் இளஞ்செடி. பெல்லாரி வெங்காயம் முற்றுவதற்கு முன்னாலேயே பிடுங்கியது இது. சந்தையில் அடியில் கோலிக்குண்டு அளவு வெள்ளைக் குமிழோடு விற்கும் கட்டு பெரும்பாலும் இதுதான். இரண்டாவது சின்ன வெங்காயத்தின் தாள். அதுவும் அதே பெரிய வெங்காய இனம்தான், ஒன்றை நட்டால் கொத்தாகப் பிரிகிற பிரிவு. இந்தப் பகுதியில் கையில் எப்போதும் இருப்பதும் இதுதான். மூன்றாவது குமிழே வைக்காத தாள் வெங்காயம். சீனா, ஜப்பான் பக்கம் நூற்றாண்டுகளாக வளர்க்கிறார்கள். இது தனி இனம். குமிழ் வைப்பதற்குப் பதிலாகப் பக்கத்தில் தூர் விட்டுக்கொண்டே போகும், வருஷக்கணக்கில் சாகாது.

கையில் ஒரு செடி கிடைத்தால் இனத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். தாளை நடுவில் குறுக்காக வெட்டி, வெட்டு வாயை நேராகப் பாருங்கள். வளையம் முழு வட்டமாக இருந்தால் அது தாள் வெங்காயம். ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் வளைவாக அரைவட்டம் போல இருந்தால் பெரிய வெங்காயமோ சின்ன வெங்காயமோதான். நுனியில் வெட்டினால் இந்த வித்தியாசம் தெரியாது, நடுப்பகுதியில் வெட்ட வேண்டும். அப்புறம் அடியைப் பாருங்கள். வேருக்கு மேலே தண்டு ஒரே பருமனில் போனால் தாள் வெங்காயம், உருண்டு தடித்திருந்தால் மற்ற இரண்டில் ஒன்று.

வெட்டும்போது குழலே இல்லாமல் நாடா மாதிரித் தட்டையான இலையாக இருந்து, பூண்டு வாசனை அடித்தால் அது நாலாவது ஆள், சீனப் பூண்டுத்தாள். அது வெயில் தாங்கும் நல்ல செடி, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வெங்காயத்தாளின் வேலையை அது செய்யாது.

பகல் நீளம் ஏன் முக்கியம்

இணையத்தில் கிடைக்கும் வளர்ப்புக் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்கு எழுதியவை. அதனால் இந்த விஷயத்தில் நம்மவர்கள் அதிகம் குழம்புகிறார்கள்.

வெங்காயம் குமிழ் வைப்பதும் வைக்காததும் பகலின் நீளத்தைப் பொறுத்தது. குறும்பகல் வகைகளுக்கு 11 முதல் 12 மணி நேரப் பகல் கிடைத்தாலே குமிழ் திரளத் தொடங்கும். நெடும்பகல் வகைகளுக்கு 14 மணி நேரமாவது வேண்டும். நம் கணவாயில் மார்கழியில் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம், ஆனியில் 13 மணி நேரத்தைக்கூடத் தொடாது, சுமார் 12 மணி 45 நிமிடம்தான். வருஷம் முழுக்க இதற்குள்தான் ஏறி இறங்கும்.

இதனால் இரண்டு விளைவு. பெல்லாரி, சின்ன வெங்காயம், நாசிக்கில் உருவான அக்ரிஃபவுண்ட் டார்க் ரெட், பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா கல்யாண் போன்ற நம் நாட்டு ரகங்களெல்லாம் குறும்பகல் வகை. இவற்றை எந்த மாசம் போட்டாலும் குமிழை நோக்கித்தான் ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் இன்னும் வேகமாகும். குமிழ் திரளத் தொடங்கியதும் புதுத் தாள் வருவது நின்றுவிடும், பழைய தாளும் கழுத்து தளர்ந்து சாயும். ஆகவே இவற்றைத் தாளுக்காக வளர்த்தால் நாள் பார்த்துப் பிடுங்கியே ஆக வேண்டும், காத்திருக்க முடியாது.

இன்னொரு பக்கம், குளிர்நாட்டு நெடும்பகல் வெங்காய விதை உங்கள் கைக்கு வந்தால் தூக்கிப் போட வேண்டாம். நம் பகலில் அது குமிழே வைக்காது. வெங்காயம் எடுக்க நினைப்பவருக்கு அது நஷ்டம், தாள் மட்டும் வேண்டும் என்பவருக்கு லாபம். மூன்றாவது வகையான தாள் வெங்காயத்துக்கு இந்தக் கணக்கே கிடையாது. பகல் எவ்வளவு நீண்டாலும் சுருங்கினாலும் தூர் விட்டுக்கொண்டிருக்கும். வீட்டுத் தோட்டத்துக்கு அதை நான் முதலில் வைப்பது இதனால்தான்.

உங்கள் இடத்தைப் பாருங்கள்

கணவாய் என்றாலும் எல்லா இடமும் ஒன்றல்ல. எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை பக்கம் மழை மறைவு. தென்மேற்குப் பருவமழை பாலக்காடு டவுனில் கொட்டும்போது இங்கே காற்று மட்டும் வீசிவிட்டுப் போகும். நெல்லியாம்பதி மலையடிவாரத்தில் இருக்கிற கொல்லங்கோடு, நெம்மாறா பக்கம் கதையே வேறு, மழை நன்றாக இறங்கும். முதல் பகுதிக்குச் சிக்கல் வெயிலும் காற்றும். இரண்டாவது பகுதிக்குச் சிக்கல் ஈரமும் அழுகலும்.

வெயில் பகுதியில் பங்குனி, சித்திரையில் இலைப்பேன் ஏறும். தாளில் வெள்ளி பூசினது போலக் கோடு கோடாகத் தெரிந்தால் அதுதான். அடர்ந்து தூர்விடும் தாள் வெங்காயம் இங்கே நிற்கும். பின்பகல் வெயில் நேராக விழாத, முருங்கையோ தென்னையோ நிழல் சாய்கிற இடமாகக் கொடுங்கள். நெட்டையாக வளரும் ஜப்பான் வகைகள் ஆனி, ஆடிக் காற்றில் தாள் மடங்கி ஒடிந்துவிடும். உள்ளே வெற்றுக் குழல்தானே, ஒருமுறை மடங்கினால் அந்தத் தாள் நிமிராது. இந்தப் பக்கத்துக்குக் குட்டையான, கொத்தாக நிற்கும் வகையே ஏற்றது.

மழைப் பகுதியில் சின்ன வெங்காயத்தை ஆனி, ஆடியில் தரையில் நடவே வேண்டாம். தாள் திருகிச் சுருளும் நோயும், ஊதா நிறத்தில் கொப்புளம் விழும் நோயும் ஈரத்தில்தான் பரவும், அடிக்குமிழும் அழுகும். தாள் வெங்காயம் ஈரத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அதற்கும் தண்ணீர் தேங்கக் கூடாது. ஒரு சாண் உயர மேட்டுப்பாத்தி போடுங்கள். முடியாவிட்டால் தொட்டி.

போர்த் தண்ணீரையும் கவனியுங்கள். குடத்தில் வெள்ளைப் படிவு விடும் உப்புத் தண்ணீர் என்றால், எந்த வெங்காய இனமும் நுனி கருகும். உப்பைத் தாங்காத பயிர் இது. அந்த வீடுகளில் மழைநீரோ வாய்க்கால் தண்ணீரோ கிடைக்கிற மாசங்களில் மட்டும் போடுவது உத்தமம்.

எந்த ரகம்

சின்ன வெங்காயத்துக்கு விதைக் கடையே தேவையில்லை. சமையலுக்கு வாங்கியதிலிருந்து எடுக்கலாம், ஆனால் புதிதாக அறுவடையான காய் வேண்டாம். அறுவடையானதும் அது சில வாரம் உறங்கும், நட்டாலும் முளைக்காது. சேமிப்புப் பட்டறையில் இரண்டு மாசமாவது கிடந்த, நுனியில் பச்சை எட்டிப் பார்க்கிற வெங்காயமே சரி. நடுத்தர அளவில், அழுத்தினால் கெட்டியாக, கருப்புப் பொடி ஒட்டாததாகப் பாருங்கள். பொடி வெங்காயம் ஒல்லியாக ஒன்றிரண்டு தாள்தான் விடும். நல்ல வெங்காயம் ஒன்றை நட்டால் நாலைந்து தூர் வரும். 20 நாளில் கிள்ள ஆரம்பிக்கலாம், 30 முதல் 35 நாளில் கட்டாகப் பிடுங்கலாம். விதையிலிருந்தே வளர்க்க விரும்பினால் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ (ஆன்) 5 இருக்கிறது. பூத்து விதை பிடிக்கும் சின்ன வெங்காய ரகம் அது. தாளுக்காக மட்டும் என்றால் இந்தச் சுற்றுவழி அவசியமில்லை, வெங்காயத்தையே நடுங்கள்.

பெரிய வெங்காயத்தில் தாளுக்காக அக்ரிஃபவுண்ட் டார்க் ரெட் எடுக்கலாம். மழைக்காலப் பயிருக்காகவே வந்த ரகம், நாற்று விட்டு நெருக்கமாக நட்டு, குமிழ் திரளும் முன் பிடுங்கிவிட வேண்டும். அடுக்களையில் முளைத்துப்போன பெல்லாரியைத் தொட்டியில் ஊன்றினாலும் சில வாரங்களுக்குத் தாள் வரும். மார்கழிக் குளிரில் சில சமயம் பூந்தண்டு எழும்பும். மொட்டாக இருக்கும்போதே ஒடித்துப் பொரியலில் சேருங்கள், விட்டால் அந்தத் தண்டு கட்டையாகிவிடும்.

தாள் வெங்காயத்தில் இந்திய ரகம் என்றால் டில்லி பூசா நிறுவனத்தின் பூசா சௌம்யா. கிடைத்தால் முதலில் இதை முயலுங்கள் என்பேன். வெளிநாட்டு விதைகளில் எவர்கிரீன் என்ற பெயரோடு வருபவை நன்றாகத் தூர் பிரியும். ஜப்பானில் இந்த இனத்தை மூன்று குழுவாகப் பிரிப்பார்கள். குளிருக்குக் காகா, நடுத்தரத்துக்குச் செஞ்சு, வெப்பப் பக்கத்துக்குக் குஜோ. கியோட்டோவில் பேர்போன குஜோவுக்கு இலை அதிகம், தூர் அதிகம். நமக்குப் பொருந்துவது அந்தக் குழுதான். இஷிகுரா, டோக்கியோ லாங் ஒயிட் எல்லாம் நீண்ட வெள்ளைத் தண்டுக்காக வளர்ப்பவை. தூர் குறைவு, மண் அணைத்து அணைத்துத் தண்டை வெளுக்க வைக்க வேண்டும். அந்த வெள்ளைத் தண்டைச் சுட்டுச் சாப்பிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது பயன்படும். தாள் கிள்ளுகிற வீட்டுக்கு வேண்டாம்.

ஒயிட் லிஸ்பன் விதை எல்லாக் கடையிலும் கண்ணில் படும். இங்கிலாந்தில் சாலட்டுக்கு வளர்க்கும் பழைய ரகம், பெரிய வெங்காய இனம். வேரோடு பிடுங்க நன்றாக இருக்கும், வருஷக்கணக்கில் வைத்திருக்க ஆகாது. சிவப்புத் தண்டு ரெட் பியர்டின் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்த நிறம் குளிரில்தான் ஏறும். வால்பாறையிலோ மூணாறிலோ தோட்டம் இருந்தால் வாங்குங்கள். கொழிஞ்சாம்பாறை வெயிலில் சாயம் வெளுத்துப் பச்சையாகவே நிற்கும்.

விதை வாங்கும்போது

கடையில் "அண்ணா, இது குமிழ் வைக்குமா, தூர் விடுமா?" என்று கேளுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கக் கடையானால் உள்ளித்தண்டு என்று கேட்டால் புரியும். ஆள் பதில் சொல்லத் தடுமாறினால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 'பன்ச்சிங்' என்று இருந்தால் பெரும்பாலும் தாள் வெங்காயம். அதன் அறிவியல் பெயரில் 'ஃபிஸ்டுலோசம்' இருந்தால் சந்தேகமே வேண்டாம். 'சேபா' என்றிருந்தால் குமிழ் வகை.

அதைவிட முக்கியமானது தேதி. வெங்காய விதை சீக்கிரம் உயிர்விடும் விதைகளில் ஒன்று. நம் புழுக்கத்தில், சாதாரண அலமாரியில் ஒரு வருஷம் தாண்டினால் நம்ப முடியாது. பாக்கெட்டில் பரிசோதித்த நாளும் செல்லுபடியாகும் நாளும் இருக்க வேண்டும், இல்லாததை வாங்காதீர்கள். கண்ணாடி ஜாடியில் உதிரியாக அளந்து கொடுக்கும் விதையை நான் தொடுவதே இல்லை. இளஞ்சிவப்பு, பச்சை என்று சாயம் ஏறியிருந்தால் மருந்து கலந்த விதை. அதை முளைகட்டிச் சாப்பிடக் கூடாது, குழந்தைகள் கையில் படக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் 20 விதையை ஈரத்துணியில் மடித்து, ஒரு டப்பாவில் போட்டு, நிழலில் வையுங்கள். துணி காயவும் கூடாது, சொட்டவும் கூடாது. பத்தாம் நாள் எண்ணுங்கள். 14 முளைத்திருந்தால் 70 சதவீதம், வெங்காய விதைக்கு அரசுத் தரமே அதுதான். பத்துக்குக் கீழே போனால் திருப்பிக் கொடுக்கப் பாருங்கள், இல்லையென்றால் இரட்டிப்பாக விதைக்க வேண்டியதுதான். மிச்ச விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் அடுத்த பட்டத்துக்கும் உதவும்.

ஒரே பாத்தியில் மூன்றையும் போட்டுப் பாருங்கள்

படித்துத் தேர்ந்தெடுப்பதைவிட உங்கள் மண்ணையே கேட்பது நல்லது. புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ மழை விட்ட இடைவெளியில் தொடங்குங்கள். கிழக்குக் காற்று வந்து வெயில் தணியும் அந்த மாசங்கள்தான் இங்கே எல்லா வெங்காய இனத்துக்கும் நல்ல காலம்.

நாலடி நீளம், இரண்டடி அகலப் பாத்தி போதும். தொட்டியானால் மீன் கடையில் கிடைக்கும் தெர்மாகோல் பெட்டியில் அடியில் துளை போட்டுக்கொள்ளலாம். வெங்காய வேர் மேலாகவே நிற்பது, ஒரு சாண் மண் இருந்தால் தாராளம். மண், மட்கிய மாட்டெரு, ஊறவைத்து அலசிய தேங்காய்நார்க் கழிவு மூன்றையும் சமமாகக் கலந்து, இரண்டு பிடி வேப்பம்பிண்ணாக்கு சேருங்கள். பாலக்காடு மாவட்டச் சித்தூர் பக்கத்துக் கறுப்பு மண்ணானால் ஆற்றுமணலும் ஒரு பங்கு வேண்டும், இல்லாவிட்டால் இறுகிவிடும்.

பாத்தியை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கில் சின்ன வெங்காயம், ஒரு பங்கில் அக்ரிஃபவுண்ட் நாற்று, ஒரு பங்கில் தாள் வெங்காய நாற்று. விதைகளை 40 நாள் முன்னாலேயே தனித் தட்டில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் தூவி நாற்றாக்கிக்கொள்ள வேண்டும். முளை கொக்கி மாதிரி வளைந்துதான் வெளியே வரும், அதை நிமிர்த்த முயலாதீர்கள், தானே நிமிரும். தாள் வெங்காய நாற்றை மூன்று நாலாகச் சேர்த்து, விரல் நுழையும் குழியில், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளியில் நடுங்கள். சின்ன வெங்காயத்தை நுனி வெளியே தெரியும்படி ஊன்றினால் போதும், புதைக்கக் கூடாது.

அப்புறம் ஒரு நோட்டில் நாலு விஷயம் மட்டும் எழுதுங்கள்: முதல் அறுப்பு எந்தத் தேதி, அறுத்து எத்தனை நாளில் மறுபடி அதே உயரம் வந்தது, நுனி கருகியதா, எத்தனை தூர். அறுக்கும்போது மண்ணிலிருந்து இரண்டு விரல் உயரம் விட்டு அறுக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் நடுக்குருத்து போய்விடும். ஒவ்வொரு அறுப்புக்கும் பிறகு கரைத்து வடிகட்டிய மாட்டெருத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றுங்கள். இலைப்பேன் தெரிந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். கொப்புளம் விழுந்த தாளை உடனே கிள்ளி எரியுங்கள், எருக்குழியில் போட வேண்டாம்.

தை மாசக் கடைசியில் நிலவரம் தெரிந்துவிடும். சின்ன வெங்காயம் முதலில் ஓடி முதலில் களைத்திருக்கும், இரண்டு மூன்று அறுப்புக்கு மேல் தாள் மெலிந்துவிடும். அக்ரிஃபவுண்ட் குமிழ் வைத்து நின்றிருக்கும். தாள் வெங்காயம் அப்போதுதான் வேகம் பிடிக்கும். சித்திரை வெயிலையும் தாண்டி எந்தக் கொத்து நிற்கிறதோ அதுவே உங்கள் வீட்டு ரகம். மற்றவற்றுக்கு மறுபடி விதை வாங்கலாம், அந்தக் கொத்தை மட்டும் விடாதீர்கள்.

கொத்தைப் பெருக்குவது

கணவாயின் சமவெளியில் குளிர் போதாததால் தாள் வெங்காயம் பெரும்பாலும் பூக்காது, வீட்டு விதை எடுக்க வழியில்லை. கொத்தைப் பிரித்துத்தான் பெருக்க வேண்டும். ஐப்பசியில் கொத்தைச் சுற்றி மண்ணை நெகிழ்த்தி, முழுசாகத் தூக்கி, மண் உதறி, கையாலேயே தூர் தூராகப் பிரியுங்கள். கத்தி வேண்டாம். வெட்டுக்காயம் வழியாகத்தான் அழுகல் ஏறும். வேரை இரண்டு அங்குலமாகவும் தாளை ஒரு சாணாகவும் நறுக்கிவிட்டு, இரண்டிரண்டு தூராக நடுங்கள். நடுவில் இருக்கிற பழைய தூர் மெலிந்திருக்கும், அதைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, ஓரத்துத் தூர்களையே நடுவதற்கு வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை இப்படிப் பிரிக்காவிட்டால் கொத்து நெருங்கித் தாள் நூலாகிவிடும்.

ஆனி மழை வருவதற்கு முன் நாலைந்து தூரைத் தனியாக ஒரு தொட்டியில் மாற்றி, தாழ்வாரத்தில் தூவானம் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சத்தைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து நடச் சொல்லுங்கள். உங்கள் பாத்தி அழுகிப்போனால், ஐப்பசியில் அங்கிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.